வீட்டுக்கும் போர் அடிக்கும்

போர் அடித்தால் ஒரு வீடு என்ன செய்யும்? சிரிக்காதீங்க, 1970களின் கடைசியிலேயே இதுக்கு ஒரு புரோகிராம் எழுதியிருக்காங்க.

செட்ரிக் பிரைஸ்னு ஒரு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர். அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்காக 'ஜெனரேட்டர்' என்று ஒரு கட்டடத்தை வரைந்தார். கிரேன் வைத்துத் தூக்கி இடம் மாற்றக்கூடிய அறைகள். ஜான் ஃபிரேசர், ஜூலியா ஃபிரேசர் தம்பதி அதற்கு மென்பொருள் யோசித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சிப். ரொம்ப நாள் யாரும் எதையும் மாற்றாவிட்டால் கட்டடத்துக்கு 'போர் அடித்து', அதுவே புது வரைபடம் போட்டு நீட்டும்! கடைசியில் அதைக் கட்டவே இல்லை. (நம்ம புராஜெக்ட்கள் மாதிரியேதான் :-))

போன பொங்கலுக்கு கானாடுகாத்தானில் நண்பன் வீட்டு வளவில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் ஞாபகத்துக்கு வந்தது. செட்டிநாட்டு வீடு என்றாலே எல்லாரும் பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே வீடுதான். ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அந்தத் தம்பதிக்கு, அடுப்பும் தனி. அவர்கள் இனி தனிப் புள்ளி. செங்கல் ஒன்றுகூட நகராமல் ஒரு வீடு நாலு வீடாகிவிடும். விசேஷம் வந்தால் அத்தனையும் சேர்ந்து அதே வளவு கல்யாண மண்டபம். மழை வந்தால் ஓட்டுச் சரிவெல்லாம் முற்றத்தில் கொட்டும், அண்டாக்களைக் கொண்டுவந்து வைப்பார்கள், மிச்சத் தண்ணி ஊருணிக்குப் போகும். ஃபிரேசர் தம்பதி சிப்பில் எழுத நினைத்ததை நம்ம ஆச்சிகள் வழக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாங்க.

பாரிஸில் அரபு உலக மையம்னு ஒன்று, 1987ல் ழான் நூவெல் குழு கட்டியது. வெயிலுக்கேற்ப கேமரா லென்ஸ் போலத் திறந்து மூடும் 240 ஜன்னல் பலகைகள். அற்புதமான யோசனைதான். ஆனால் மோட்டார்கள் பழுதாகி வருஷக்கணக்கில் பல அசையவே இல்லை, 2017ல்தான் புதுப்பித்தார்கள். மோட்டார் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அண்டா வைக்க ஆள் இல்லை என்றால்?

செட்டிநாட்டில் நடந்தது அதுதான். 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், கொடுக்கல் வாங்கல் எல்லாம் போச்சு. பிள்ளைகள் வேறு ஊர், வேறு நாடு. பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாத வீடுகளைப் பிரித்து, தூணையும் கதவையும் காரைக்குடி பழைய சாமான் கடைகளில் விற்றார்கள். 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன. பட்டியலா வந்து மழைக்கு அண்டா வைக்கும்?

நண்பன் இருப்பது சிங்கப்பூரில். வளவில் நாலு கேமரா மாட்டியிருக்கிறான். சாயங்காலமானால் அங்கிருந்தே போனில் முகப்பு விளக்கைப் போடுகிறான், ஆள் இருக்கிற மாதிரி தெரியணுமாம். ஊர் திரும்புவதற்கு முந்தின ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் கத்தியது.

"வளவுல ஏதோ அசையுதாம்டா," என்றான். எட்டிப் பார்த்தோம். புறா.

"நாங்க இல்லாதப்பவும் தினம் இப்படித்தான் கூப்பிடும்," என்று சொல்லிவிட்டு இலைக்குத் திரும்பினான்.