சொல்தாவின் கணப்பு

புதுச்சேரி போனால் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களுக்காக 1938-ல் திறக்கப்பட்டது அது. சரி, உயிரோடு திரும்பி வந்த வீரர்களுக்கு?

அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, லால் பகதூர் சாஸ்திரி வீதியில் (பழைய ஆட்களுக்கு அது புஸ்ஸி வீதிதான்!) இருக்கும் ‘ஃபுவாயே து சொல்தா’ என்கிற கூடம்.

‘சொல்தா’ என்றால் பிரெஞ்சில் சிப்பாய். ‘ஃபுவாயே’ என்றால் வீட்டில் குளிர்காயும் கணப்பு. அதனாலேயே வீடு, குடும்பம் என்றும் அர்த்தம் வந்துவிட்டது.

இந்தப் பெயர் முதல் உலகப் போர்க்களத்தில் பிரபலமானது. போர்முனையிலிருந்து களைத்து வரும் சிப்பாய்க்கு உட்கார ஒரு பெஞ்சு, சூடாகக் குடிக்க ஏதாவது, விளையாட்டு, வீட்டுக்குக் கடிதம் எழுதக் காகிதம்... இவ்வளவுதான் ஒரு ஃபுவாயே. பிரெஞ்சு ஒய்.எம்.சி.ஏ. தொடங்கியதில் 1917-ல் அமெரிக்கர்களும் கைகோக்க, போர் முடிவதற்குள் இத்தகைய கூடங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

புதுச்சேரித் தமிழில் ‘சொல்தா’ என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1881-ல் வந்த ஆணைப்படி, பரம்பரை வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் உண்டு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் படையில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று போனார்கள்.

1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் அது உறுதியானது. பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம். சில ஆயிரம் பேர் அப்படியே இருந்துகொண்டார்கள். ஊரில் கொடி மாறிப்போச்சு, சொல்தாவின் பென்ஷன் மட்டும் மாறவில்லை!

பேச்சு தமிழ், பாஸ்போர்ட் பிரெஞ்சு. சைகோனில் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? கூடப் பட்டவனுக்குத்தானே புரியும்! அதற்குத்தான் இப்படி ஒரு கூடம்.

இந்தோசீனப் போர் 1954-ல் முடிந்தது. அல்ஜீரியப் போர் 1962-ல். அங்கே துப்பாக்கி பிடித்தவர்களில் இன்றும் இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். கடற்கரைக் கல்லுக்கு ஜூலை 14, நவம்பர் 11 என்று மலர்வளையம் வைத்தால் போதும். கணப்புக்கு அது போதாது, சுற்றி உட்கார ஆள் வேணும். பேரப்பிள்ளைகளும் ஊராரும் வந்து உட்கார்ந்தால்தான் அது அணையாமல் இருக்கும்.

அடுத்த முறை புஸ்ஸி வீதியில் ஒரு பெரியவரைப் பார்த்தால், “ஐயா, எந்த ஊர்ல சொல்தாவா இருந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். நினைவுச்சின்னத்துக் கல் சொல்லாததை அவர் சொல்லக்கூடும்.