சீட்டு எத்தனை சீட்டு!

வேலை போனவனுக்குச் 'சீட்டு கிழிந்துவிட்டது' என்கிறோம். மருந்துக்கடையில் நீட்டுவது சீட்டு, பேருந்தில் நடத்துநர் கிழிப்பது பயணச்சீட்டு, திண்ணையில் கலைத்துப் போடுவது சீட்டுக்கட்டு. பாரதியார் 1919-இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதி அனுப்பியது சீட்டுக்கவி. வள்ளலின் உதவி நாடிப் புலவர்கள் பாட்டாக எழுதும் ஓலைக்கு அதுதான் பெயர். எல்லாவற்றுக்கும் பொது, கைக்கு அடங்கும் ஒரு துண்டு. ஓலையோ காகிதமோ, எழுதியிருப்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

அப்படியானால் மாதாமாதம் 'சீட்டு கட்டுகிறேன்' என்கிறோமே, அதில் துண்டு எங்கே இருக்கிறது? சொம்பில் இருக்கிறது. குலுக்கல் சீட்டு நடக்கும் வீடுகளில் இன்றும் பார்க்கலாம். நோட்டுத் தாளைக் கிழித்து, ஆளுக்கொரு பெயர் எழுதிச் சுருட்டி, எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையாகப் பார்த்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பெயருக்கு அந்த மாதப் பணம் முழுதும். அடுத்த மாதம் சொம்பில் ஒரு பெயர் குறையும். ஆனால் எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும். குலுக்கிப் போட்ட துண்டின் பெயரே ஏற்பாடு முழுதுக்கும் ஆகிவிட்டது. கேரளத்தில் இதற்குச் சிட்டி என்றும் குறி என்றும் பெயர். குறி என்றாலும் அடையாளமிட்ட துண்டுதானே.

குலுக்கலில் ஒரு சங்கடம். அவசரக்காரருக்குச் சீட்டு விழாது. தேவையில்லாதவருக்கு முதல் மாதமே விழும். ஏலச்சீட்டில் அந்தச் சங்கடம் இல்லை; தொகையில் அதிகம் தள்ளிக்கொடுக்க முன்வருபவருக்கே அந்த மாதச் சீட்டு. 'ஏலம்' போர்ச்சுகீசியர் தந்த சொல். அவர்கள் மொழியில் 'லெய்லாங்' என்பது போல ஒலிக்கும். மலையாளம் முன்னால் இருக்கும் லகரத்தை விடாமல் 'லேலம்' என்கிறது, நாம் விட்டுவிட்டோம். சொல் கப்பலில் வந்தது என்பதற்காக வழக்கமும் கப்பலில்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

கணக்கைப் பார்ப்போம். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் ஏலத்தில் ஒருவர் 30,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 70,000 வரும். தள்ளிய 30,000-இல் நடத்துபவருக்குக் கமிஷன், சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது 5,000. மீதி 25,000 இருபது பேருக்கும் பங்காகி ஆளுக்கு 1,250 ஆகிறது. ஆக அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். கடைசி மாதம் போட்டியில்லை. கமிஷன் போக 95,000 வரும். அதுவரை கட்டியதை அதிலிருந்து கழித்தால் வருவதே கடைசி ஆளின் லாபம். வட்டி எத்தனை சதவீதம் என்று சேரும்போது யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் இன்னொருவருக்கு எவ்வளவு நெருக்கடி என்பதைப் பொறுத்தது அது. மகளின் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ ஒருவர் அள்ளித் தள்ளினால் மற்றவருக்குக் கழிவு கூடும். இதை நாம் வெகுகாலம் 'டிவிடெண்டு' என்று கௌரவமாகச் சொல்லிவந்தோம்.

ஆங்கிலத்துக்குப் போன கதை வேறு. இந்தியில் கடிதத்துக்குச் 'சிட்டி' என்று பெயர். வெள்ளைக்காரத் துரைகள் அதை எடுத்துச் சுருக்கிச் 'சிட்' ஆக்கினார்கள். அந்தச் 'சிட்'தான் நம் சீட்டுக்குச் சட்டப்பெயராகிச் 'சிட் ஃபண்டு' என்று திரும்பி வந்தது. 1961-இல் நம் மாநிலத்துக்கு ஒரு சிட் ஃபண்டு சட்டம், 1982-இல் நாடு முழுதுக்கும் ஒன்று. இலங்கைச் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது: 1935-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'சீட்டு' இருக்கிறது. சிங்களரும் 'சீட்டு' என்றே சொல்கிறார்கள். மலேசியச் சட்டத்தில் இதற்குப் பெயர் 'கூட்டு'. 1971-இல் அங்கே தடையே போட்டுவிட்டார்கள்.

இங்கே தடை வரவில்லை, பெயர்தான் கெட்டது. 1978-இல் ஒரு சட்டம் 'பரிசுச் சீட்டு'களைத் தடைசெய்தது. அது வேறு ஏற்பாடு, ஆனால் பெயரில் சீட்டு இருந்தது. 2013-இல் மேற்கு வங்கத்தில் சாரதா நிறுவனம் கவிழ்ந்தபோது பத்திரிகைகள் எல்லாம் 'சிட் ஃபண்டு மோசடி' என்று எழுதின. அங்கே ஏலமும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஊரார் பணத்தைத் திரட்டிய வேறொரு திட்டம். பழி மட்டும் சீட்டின் மேல் விழுந்தது. 1982 சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம் சீட்டுக்குச் 'சகோதரத்துவ நிதி' என்ற பெயரையும் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அதே திருத்தம் 'டிவிடெண்டு' என்பதைத் 'தள்ளுபடியில் பங்கு' என்றும், 'பரிசுத்தொகை' என்பதை 'நிகரச் சீட்டுத் தொகை' என்றும் மாற்றியது. கமிஷன் வரம்பை 5-இலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. சகோதரத்துவ நிதி என்று எந்தத் தெருவிலும் யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 'தள்ளுபடியில் பங்கு' நல்ல மாற்றம். நமக்கு வரும் பணம் யாரோ தள்ளியது என்பதை அது மறைக்கவில்லை.

கெட்ட பெயரைவிட இரவல் பெயர்தான் இன்று ஆபத்து. நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு என்கிறோம். நகைக்கடையில் மாதாமாதம் கட்டுவது பொருளுக்கு முன்பணம். நிறுவனங்கள் வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது என்று 2014-ஆம் ஆண்டு வைப்புத்தொகை விதிகள் சொல்கின்றன. பல கடைகளின் திட்டம் 11 மாதத்தில் முடிவது அதனால்தான். அங்கே சுற்றில் அமர்ந்த இருபது பேரும் இல்லை, ஒருவர் பணத்தை மற்றவர் எடுப்பதும் இல்லை. கடை மூடினால் நீங்களும் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தீபாவளிச் சீட்டில் பெரும்பாலும் ஒரு தனி ஆளின் வார்த்தையைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

ஓய்வுக்காலத்துக்கென்று சீட்டை நம்பிச் சேர்ப்பதும் பொருந்தாது. சட்டப்படி ஒரு சீட்டின் ஆயுள் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு மேல் போகாது. கல்யாணம், கடைமுதல், வீட்டு முன்பணம் போன்ற இடைக்காலத் தேவைக்குத்தான் அது ஏற்றது.

அடுத்த முறை யாராவது 'ஒரு சீட்டு போடுங்க' என்று வந்தால், எந்தச் சீட்டு என்று முதலில் கேளுங்கள். ஏலச்சீட்டு என்றால், சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கியிருக்கிறாரா, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் 1982 சட்டம் நடத்துபவர் மேல் வைத்திருக்கும் கடமைகள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.