வளைகாப்பு கேக்

வளைகாப்பு கேக் என்பது கருவுற்ற பெண்ணுக்கு ஐந்து, ஏழு அல்லது ஒன்பதாம் மாதத்தில் நடத்தப்படும் வளைகாப்பு விழாவில் வெட்டப்படும் அலங்கார கேக். தொட்டில், குட்டிக் காலணி, பால்புட்டி, உறங்கும் குழந்தை போன்ற உருவங்கள் ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரை மாவால் செய்து இதன் மேல் வைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இது 21ஆம் நூற்றாண்டின் வழக்கம். பேக்கரிகளோடு, வீட்டிலிருந்தபடியே கேக் செய்து தரும் பெண்களும் இதைப் பரப்பினர்.

தாய்க்கான விழா

வளைகாப்பின் மையம் தாய். வளையல் அவள் கைக்கு, சந்தனம் அவள் கன்னத்துக்கு, புளிசாதமும் எலுமிச்சைசாதமும் தேங்காய்சாதமும் தயிர்சாதமும் அவள் நாவுக்கு. பிறக்காத குழந்தைக்கு முன்கூட்டியே துணி எடுப்பதும் தொட்டில் வாங்குவதும் பல தமிழ்க் குடும்பங்களில் தவிர்க்கப்படுகின்றன. குழந்தை பிறந்து ஓரளவு தேறிய பிறகே அதற்கென்று பொருள் சேர்ப்பார்கள். பிள்ளைப்பேறு ஆபத்தாக இருந்த காலத்தின் எச்சரிக்கை இது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலான ‘பேபி ஷவர்’ இதற்கு நேர்மாறானது. வரப்போகும் குழந்தைக்கு வேண்டிய பொருள்களைப் பரிசாகக் குவிப்பதே அதன் நோக்கம். பெயரிலேயே மழை இருக்கிறது. அந்த விழாவின் கேக் தமிழ் வளைகாப்புக்குள் வந்தபோது, அதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொட்டிலும் காலணியும் சர்க்கரை உருவில் மேசைக்கு வந்துவிட்டன. பாட்டிமார் சிலர் முகம் சுளிப்பது புதுமையின் மீதான வெறுப்பால் மட்டும் அல்ல.

சர்க்கரைச் சிற்பம்

சர்க்கரையில் உருவம் செய்வது ஐரோப்பியக் கண்டுபிடிப்பு அல்ல. 1040களில் கெய்ரோவுக்குச் சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, பாத்திமிய அரசரின் பெருநாள் விருந்துக்கு முழுவதும் சர்க்கரையால் செய்யப்பட்ட ஆரஞ்சு மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கர்நாடகத்தில் சங்கராந்திக்குச் சர்க்கரையை அச்சில் வார்த்து உருவங்கள் செய்கிறார்கள். தமிழ் பிராமண வீடுகளில் சீமந்தத்துக்கும் திருமணத்துக்கும் வைக்கப்படும் கூம்பு வடிவப் பருப்புத்தேங்காயும் வெல்லப்பாகில் எழுப்பிய சிற்பமே.

‘ஃபாண்டன்ட்’ என்ற சொல் பிரெஞ்சு. ‘உருகுவது’ என்று பொருள். சர்க்கரைப்பாகை ஏறத்தாழ 115 பாகைக்குக் காய்ச்சி, ஆறவிட்டுக் கிளறினால் படிகங்கள் மிக நுண்ணியதாகி வெண்ணெய்போல் வாயில் கரையும். பழைய ஃபாண்டன்ட் இதுதான். இன்று கேக்கின் மேல் துணிபோல் விரிக்கப்படுவது வேறு பொருள். அரைத்த சர்க்கரையோடு குளுக்கோஸ் பாகு, கிளிசரின், ஜெலட்டின் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்தது. ஆஸ்திரேலியாவில் 20ஆம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்து பிறகு பிரிட்டனில் பரவியது. 1980இல் ‘ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி’ வெளியிட்ட பிறந்தநாள் கேக் புத்தகம், இரயில்போலவும் விலங்குபோலவும் கேக் செய்வதை வீட்டு வேலையாக்கியது. அதில் ஃபாண்டன்டைவிட வெண்ணெய்க் கிரீமே அதிகம். ஆனாலும் பயிற்சி இல்லாத தாயும் உருவ கேக் செய்யலாம் என்ற துணிச்சல் அங்கிருந்தே தொடங்குகிறது என்று சொல்லலாம்.

எல்லையோர ஊர்

விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை ஒட்டி இருக்கிறது. இசுலாமியர் கணிசமாக வாழும் ஊர். 1954 நவம்பர் 1 வரை பக்கத்து முத்தியால்பேட்டை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, கோட்டக்குப்பம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு அடுப்பு ரொட்டியும், கிறித்துமசுக்கு ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்துச் சுடும் விவிக்கம் கேக்கும் புழங்கின. தலைச்சேரியில் மம்பள்ளி பாபு 1883இல் சுட்ட கேக்கை இந்தியாவின் முதல் கிறித்துமசு கேக் என்பார்கள். புதுச்சேரியின் கிரியோல் சமையல் அந்தக் கதையில் அதிகம் பேசப்படுவதில்லை.

இத்தகைய ஊரின் சமையலறையில் ஃபாண்டன்ட் சந்திக்கும் முதல் கேள்வி ஜெலட்டின். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படும் பொருள் அது. வெளிநாட்டு மார்ஷ்மெல்லோக்களில் பன்றி ஜெலட்டின் இருப்பது சாதாரணம். மார்ஷ்மெல்லோவை உருக்கி, சர்க்கரை கொட்டிப் பிசையும் எளிய செய்முறை அதனால் இசுலாமிய வீட்டுக்கும் சைவ வீட்டுக்கும் ஒருசேர உதவாது. தீர்வோ வீட்டிலேயே இருக்கிறது. நோன்பு திறக்கும்போது பாலில் காய்ச்சி ஆறவைத்துத் துண்டுபோடும் கடல்பாசி, அதாவது அகர் அகர். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது.

ஆனால் அகர் ஜெலட்டினைப் போல நடந்துகொள்வதில்லை. ஜெலட்டின் வெதுவெதுப்பில் கரையும், அகரைக் கொதிக்கவைக்க வேண்டும். 40 பாகைக்கு அருகிலேயே இறுகிவிடுவதால் சூடு ஆறுவதற்குள் சர்க்கரையோடு கலக்க வேண்டும். ஜெலட்டின் இழுத்தால் நீளும், அகர் வெடுக்கென்று முறியும். கேக்கின் விளிம்பில் மடிக்கும்போது விரிசல் விழுவது இதனால்தான். குளுக்கோஸ் பாகைச் சற்றுக் கூட்டி, தாவரக் கிளிசரினும் சி.எம்.சி. தூளும் சேர்த்தால் மாவு வளையும். உருவங்களுக்கு அதே தூளை இன்னும் கொஞ்சம் கூட்டினால் ஓரிரு நாளில் கல்லாகிவிடும். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த வேலையைச் செய்தது கட்டீரா கோந்து.

அடுத்தது கடற்காற்று. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். குளிர்பெட்டியில் வைத்து வெளியே எடுத்த ஃபாண்டன்ட் கேக், கோடைகாலக் கடற்கரை ஊரில் சில நிமிடங்களில் வியர்த்து, சாயம் வழியத் தொடங்கும். ஃபாண்டன்டுக்கு அடியில் அடித்த கிரீம் பூசினால் அதுவும் நிற்காது. இரண்டு பங்கு கறுப்புச் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்ற கனாஷே தாங்கும், சித்திரை வைகாசியில் மூன்று பங்குகூட வேண்டும். 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள கேக்கை மூட 40 செ.மீ.க்கும் சற்று அகலமான வட்டம் தேவை. 3 அல்லது 4 மி.மீ. கனத்தில் விரித்தால் ஏறத்தாழ 700 கிராம் மாவு செல்லும். அடியில் இருக்கும் கேக் மென்மையான ஸ்பாஞ்சாக இருந்தால் அந்தப் பாரத்தில் அமுங்கிவிடும்.

நிறம்

2008இல் ஜென்னா கார்வுனிடிஸ் என்ற அமெரிக்கப் பெண், உள்ளே இளஞ்சிவப்பு ஐசிங் வைத்த கேக்கை வெட்டித் தன் வயிற்றில் இருப்பது பெண் குழந்தை என்று அறிவித்தார். அது உலகெங்கும் பரவியது. 2019இல் அவரே அந்த வழக்கத்தைக் குறைகூறினார். இந்தியாவில் இந்த கேக் சட்டவிரோதம். கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெந்த முறையிலோ யாரும் தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994ஆம் ஆண்டின் கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். வெட்டியதும் தெரியும் நிறமும் ‘வேறெந்த முறை’யில் அடங்கும். பெண் குழந்தைகளைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. 2024 மே மாதத்தில், துபாயில் பரிசோதித்து வந்து பாலினத்தை அறிவித்துக் காணொளி வெளியிட்ட சென்னை யூடியூபர் ஒருவருக்கு மாநில மருத்துவத் துறை விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. காணொளி நீக்கப்பட்டது.

இளஞ்சிவப்புக்கு அதே ஆண்டில் வேறொரு சிக்கலும் வந்தது. துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தன. சில்லறையாகக் கிடைக்கும் பெயரில்லாத சாயப்பொடியை கேக்கில் சேர்ப்பவர்களுக்கு இது நேரடி எச்சரிக்கை. ஃபாண்டன்டுக்கு ஜெல் நிறமே ஏற்றது, நீர்ச்சாயம் மாவைக் குழைத்துவிடும். பீட்ரூட் தூளும் மஞ்சளும் பயன்படும், வெளிச்சத்தில் இரண்டும் மங்கும்.

நீலமா இளஞ்சிவப்பா என்ற கேள்வியையே தவிர்க்கும் கேக்குகளும் உண்டு. பச்சை, சிவப்பு, மஞ்சள் கண்ணாடி வளையல்களைச் சர்க்கரையில் வட்டமாக அடுக்கி, நடுவே பட்டுப்புடவை கட்டிய கர்ப்பிணியை உட்காரவைப்பது தமிழ்நாட்டு மாதிரி. அதில் தொட்டில் இல்லை, காலணி இல்லை. மாவைக் கயிறாக உருட்டி, கண்ணாடி டம்ளரைச் சுற்றி வளைத்து, முனையை ஒரு சொட்டு நீரால் ஒட்டி இரண்டு நாள் காயவைத்தால் ஒரு வளையல் ஆகிறது.