நுழைவும் நிறைவும்: மென்பொருள் அமைப்புச் சோதனையின் நிபந்தனைகளை இணைத்து எழுதுதல்

தனித்தனியாக எழுதிய பகுதிகளை ஒன்றாகக் கோத்தபின், முழு மென்பொருளும் கேட்டபடி இயங்குகிறதா என்று பார்ப்பது அமைப்புச் சோதனை. அதைத் தொடங்குமுன் எவையெவை கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதை நுழைவு நிபந்தனைகள் சொல்கின்றன. எந்த நிலையில் அதை முடிந்ததாகக் கொள்ளலாம் என்பதை நிறைவு நிபந்தனைகள் சொல்கின்றன. மென்பொருள் அலுவலகங்களில் ‘என்ட்ரி கிரைட்டீரியா’, ‘எக்ஸிட் கிரைட்டீரியா’ என்று வழங்கும் இவ்விரண்டும் பெரும்பாலான சோதனைத் திட்டங்களில் இரு தனிப் பட்டியல்களாக, பல பக்க இடைவெளியில் கிடக்கின்றன. கூட்டங்களில் வாதத்துக்கு வருவது இரண்டாவது பட்டியல்தான். முதலாவது, பழைய திட்டத்திலிருந்து படியெடுத்து ஒட்டப்படுகிறது. இந்தப் பிரிப்பே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். நிறைவு நிபந்தனையில் வரும் ஒவ்வோர் எண்ணும், எதை, எந்தச் சூழலில், எந்தத் தரவைக் கொண்டு சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தே பொருள் பெறுகிறது. அம்மூன்றையும் வரையறுப்பது நுழைவு நிபந்தனை. ஆகவே நுழைவில் ஒன்று தளர்ந்தால், நிறைவில் அதைச் சார்ந்து நிற்கும் கூற்றும் கூடவே விழ வேண்டும். நடைமுறையில் அது விழுவதில்லை.

இந்த எண்ணம் சோதனைத் துறையில் பிறந்ததன்று. வடிவமைப்பையும் நிரலையும் குழுவாக அமர்ந்து ஆராயும் முறையைப் பற்றி ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் எழுதிய கட்டுரை, ஒரு கட்டத்தின் வேலை எப்போது முடிந்ததாகும் என்பதற்கு வெளிப்படையான நிபந்தனை வேண்டும் என்று வற்புறுத்தியது. அதே நிறுவனத்தில் ரேடிஸும் உடன்பணியாளர்களும் 1985இல் முன்வைத்த முறை, ஒவ்வொரு பணியையும் நுழைவு, செயல், சரிபார்ப்பு, வெளியேற்றம் என நான்காக வகுத்தது. அங்கே நான்கும் ஒரே பணியின் உறுப்புகள். நுழைவைத் தனியே கழற்றி எடுக்க இடமில்லை. இடையில் 1983இல் வந்த ஐஇஇஇ 829 தரநிலை, தேர்ச்சி-தோல்வி நிபந்தனை, சோதனையை நிறுத்திவைக்கும் நிபந்தனை, மீண்டும் தொடங்கத் தேவையானவை என்று சோதனைத் திட்டத்தில் தலைப்புகளை வகுத்துக் கொடுத்தது. தலைப்புகள் வந்ததும், அவற்றை எதையாவது எழுதி நிரப்பும் பழக்கமும் கூடவே வந்தது.

நிறைவு நிபந்தனைகளில் மிகப் பரவலானது தேர்ச்சி விழுக்காடு. ‘சோதனை நேர்வுகளில் 95 விழுக்காடு தேற வேண்டும்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளலாம். 400 நேர்வுகளில் 380 தேறினால் நிபந்தனை நிறைவேறிவிடும். தோற்ற 20உம் அமைப்பெங்கும் சிதறிக் கிடக்கின்றனவா, பணத்தைத் திருப்பித் தரும் ஒரே பகுதியில் குவிந்திருக்கின்றனவா என்பது அந்த எண்ணில் தெரியாது. எளிய நேர்வுகளை நூறு சேர்த்தாலே விழுக்காடு உயரும். நிரலின் எத்தனை வரிகள் சோதனையில் ஓடின என்று அளக்கும் கவரேஜும் இதைவிடப் பெரிதாக உதவுவதில்லை. லாரா இனோசெம்சேவாவும் ரீட் ஹோம்ஸும் ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 சோதனைத் தொகுப்புகளை உருவாக்கி 2014இல் வெளியிட்ட ஆய்வில், தொகுப்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் கவரேஜுக்கும் வழுக்களைப் பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு வலுவானதன்று என்று கண்டார்கள். கவரேஜ் குறைவாக இருந்தால் எங்கே பார்க்கவில்லை என்று தெரியும். அதற்கு அது நல்ல கருவி. மிகுதியாக இருந்தால் பார்த்தது போதும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

எஞ்சிய வழுக்களின் எண்ணிக்கையை வைத்து எழுதும் நிபந்தனைக்கு வேறொரு நோய் உண்டு. ‘முதல் நிலை வழு ஒன்றும் இருக்கக் கூடாது, இரண்டாம் நிலை ஐந்துக்கு மேல் கூடாது’ என்று எழுதியிருந்தால், வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில், வழுக்களைத் தரம்பிரிக்கக் கூடும் டிரையாஜ் கூட்டத்தில் முதல் நிலை வழு இரண்டாம் நிலைக்கும், இரண்டாம் நிலை வழு மூன்றாம் நிலைக்கும் இறங்கத் தொடங்கும். வழுவில் ஒன்றும் மாறியிராது. ஒட்டியிருக்கும் சீட்டு மட்டும் மாறியிருக்கும். தீவிரத்தை இறக்குவது எப்போதும் ஏமாற்று ஆகாது. மாற்று வழி கிடைத்தபின் ஒரு வழுவின் தீவிரம் உண்மையாகவே குறையலாம். ஆனால் சோதனை தொடங்கியபின் எத்தனை வழுக்களின் தீவிரம் இறக்கப்பட்டது, யார் இறக்கினார்கள், என்ன காரணம் காட்டினார்கள் என்ற பதிவு நிறைவு அறிக்கையில் இடம்பெற வேண்டும். எஞ்சிய வழுக்களின் எண்ணிக்கையைவிட இந்தப் பதிவே அமைப்பின் நிலையைத் திறந்து காட்டும்.

இவை எல்லாம் எண்களின் உள்ளே உள்ள குறைகள். எண்கள் சரியாகவே இருந்தும் சோதனை பொய்த்துப்போவது உண்டு. அதற்குத் தெளிவான சான்று ஏரியன் 5.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய அந்த ராக்கெட்டின் முதல் பயணம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் கணிக்கும் கருவியின் மென்பொருள், பல முறை வெற்றிகரமாகப் பறந்த ஏரியன் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளளவை மீறியது. ஏரியன் 5இல் அந்த வேகம் முந்தைய ராக்கெட்டைவிட வெகு விரைவாக ஏறும். முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே மென்பொருளை ஓட்டியதால் இரண்டும் நின்றன. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் தந்த அறிக்கையில் சோதனை பற்றிச் சொன்ன இரு செய்திகள் இங்கே முக்கியமானவை. கருவிக்கான தேவைகள் ஆவணத்தில் ஏரியன் 5இன் பாதைத் தரவு சேர்க்கப்படவில்லை. ஆகவே கருவி மட்டத்துச் சோதனைகளில் அந்தப் பாதை இல்லை. முழு அமைப்பின் சோதனையிலோ உண்மைக் கருவிக்குப் பதிலாக அதன் வெளியீட்டைப் போலச்செய்யும் மென்பொருள் வைக்கப்பட்டது. அதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தன. கருவி ஏற்கெனவே தன் மட்டத்தில் தேறிவிட்டது என்பதும் காரணங்களில் ஒன்று.

கீழ்மட்டத்தின் நிறைவுச் சான்று மேல்மட்டத்தின் நுழைவுச் சான்றாக ஏற்கப்பட்டது. எந்த நிலைமைகளில் அது தேறியது என்ற கேள்வி மட்டும் இடையில் விழுந்துவிட்டது. கருவி மட்டத்தில் அதன் தேவைகள் ஆவணம் கேட்ட சோதனைகள் நடந்தன. அமைப்பு மட்டத்திலும் அங்கே வகுத்தவை நடந்தன. ‘கீழ்மட்டத்தில் தேறியதாக ஏற்கப்படும் எந்தக் கருவியும், இந்த ராக்கெட்டின் பாதைத் தரவோடு சோதிக்கப்பட்ட பதிவோடு வர வேண்டும்’ என்ற ஒரு நுழைவு வரி இருந்திருந்தால், அந்தப் பதிவு இல்லை என்பது மேசையிலேயே தெரிந்திருக்கும்.

வங்கித் துறையில் இதே அமைப்பிலான நிகழ்வு 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் நடந்தது. லாய்ட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்த அந்த வங்கியை 2015இல் ஸ்பெயினின் சபடெல் வாங்கியது. லாய்ட்ஸின் கணினி அமைப்பிலிருந்து சபடெல் குழுமம் கட்டிய புதிய அமைப்புக்கு வாடிக்கையாளர் கணக்குகள் ஒரே வார இறுதியில் மாற்றப்பட்டன. தரவு நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. அமைப்புதான் உடனே தடுமாறியது. இணையம், கைப்பேசி, தொலைபேசி, கிளை எனச் சேவை எல்லாப் பக்கமும் தடைபட்டது. 52 இலட்சம் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் பாதிக்கப்பட்டார்கள். இயல்பு நிலை முழுதும் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் பிரிட்டனின் இரு நிதி ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன.

வங்கியின் வேண்டுகோளின்பேரில் ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனம் ஆராய்ந்து எழுதிய, 2019 நவம்பரில் வெளியான அறிக்கை, நிபந்தனைகளை எழுதுவோர் படித்தாக வேண்டிய ஆவணம். புதிய அமைப்பு இரு தரவு மையங்களில் ஒரே நேரத்தில் இயங்க வேண்டியது. சுமை தாங்குமா, வேகம் போதுமா என்று பார்க்கும் சோதனைகளோ ஒரே மையத்தில் நடந்தன. ஒரு மையத்தில் பெற்ற முடிவு இரு மையங்கள் சேர்ந்து இயங்குவதற்குச் சான்றாகாது. சோதனைச் சூழல் நேரடிச் சூழலை ஒத்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் எழுதப்படும் நுழைவு நிபந்தனை. எதில் ஒத்திருக்க வேண்டும் என்று பிரித்து எழுதாதபோது, அந்த வரியை மீறுவது மீறலாகவே தோன்றாது.

அறிக்கை காட்டும் இன்னொன்று தேதியைப் பற்றியது. 2017 நவம்பருக்குக் குறித்த மாற்றம் தள்ளிப்போனபோது, சில பணிகள் ஏழு மாதம் வரை பின்தங்கியிருந்தும் புதிய திட்டம் ஏறக்குறைய நான்கே மாதத் தாமதத்தைக் கணக்கிட்டது. அது எப்படி இயலும் என்று இயக்குநர் குழு கேட்கவில்லை. இறுதித் தேதி அசையாமல் நிற்கையில் பணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. முந்தைய கட்டம் முடியாமலே அடுத்த கட்டம் தொடங்குகிறது. முதலில் பலியாவது நுழைவு நிபந்தனை, ஏனெனில் அதை மீறுவதன் விலை அன்றைக்குத் தெரிவதில்லை.

ஆகவே நுழைவு நிபந்தனையைச் சரிபார்க்கத்தக்க வாக்கியமாக எழுதுவது முதல் வேலை. சோதனைக்குத் தொகுத்துத் தரும் மென்பொருளைப் பற்றி ‘பில்டு நிலையாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால், அதைச் சரிபார்க்க வழியில்லை. ‘குறிப்பிட்ட எண்ணுள்ள பில்டு நிறுவப்பட்டு, அடிப்படைச் செயல்களைப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் தொடர்ந்து மூன்று நாள் தேறியிருக்க வேண்டும்; அந்நாள்களில் கையால் எந்தத் திருத்தமும் செய்திருக்கக் கூடாது’ என்பதைச் சரிபார்க்கலாம். சூழல் என்றால் மையங்கள் எத்தனை, அவற்றிடையே சுமை எப்படிப் பகிரப்படுகிறது, வெளி அமைப்புகளில் எவை உண்மையானவை, எவை போலி என்று பிரித்து எழுத வேண்டும். தரவு என்றால் பழைய கணக்குகளின் விசித்திரங்கள் அதில் உண்டா என்பதே கேள்வி: இரு பெயரில் உள்ள கணக்கு, உரியவர் இறந்தபின் முடங்கிய கணக்கு, முன்னெழுத்து இல்லாத பெயர். செயற்கையாக உருவாக்கிய தரவில் இவை தாமாக வருவதில்லை.

இரண்டாவது வேலை இணைப்பு. ஒவ்வொரு நிறைவுக் கூற்றின் பக்கத்திலும், அது சார்ந்திருக்கும் நுழைவு நிபந்தனைகளின் எண் இருக்க வேண்டும். நுழைவு 4: சுமைச் சோதனை இரு தரவு மையங்களிலும் ஒரே நேரத்தில் நடத்தத்தக்க நிலையில் சூழல் இருக்க வேண்டும். நிறைவு 9: உச்ச நேரச் சுமையில் உள்நுழைவு மூன்று நொடிக்குள் முடிய வேண்டும், சார்பு, நுழைவு 4. இப்படி எழுதியிருந்தால், நுழைவு 4க்கு விலக்கு தரும் நாளில் நிறைவு 9இன் நிலை ‘சோதிக்கப்படவில்லை’ என்று மாறும். அதன்பின் எத்தனை முறை சுமைச் சோதனை ஓடினாலும் அது ‘தேர்ச்சி’ ஆகாது. விலக்கு தரக் கூடாது என்பது வாதமன்று. விலக்கு இல்லாத திட்டம் உலகில் இல்லை. விலக்கைக் கேட்பவர் திட்ட மேலாளராக இருக்கலாம். அதனால் செல்லாமல் போகும் கூற்று இல்லாமலே வெளியிட ஒப்புவது, விளைவைச் சுமக்கப்போகும் வணிகத் தரப்பின் பெயர் சொல்லத்தக்க ஒருவராக இருக்க வேண்டும்.

நிறைவுக் கூற்றின் அளவும் சான்றின் அளவோடு ஒத்துப்போக வேண்டும். ஆயிரம் பரிவர்த்தனைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே பிழை நேரும் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, நேரடிப் பயன்பாட்டை ஒத்த முறையில் தற்செயலாகத் தேர்ந்த ஏறக்குறைய 3,000 பரிவர்த்தனைகள் ஒரு பிழையும் இல்லாமல் ஓட வேண்டும். இலட்சத்தில் ஒன்று என்றால் 3,00,000. விமானத் துறையில் பேசப்படும் நூறு கோடி மணி நேரத்துக்கு ஒரு பிழை என்ற அளவைச் சோதனையால் மட்டும் நிறுவ, ஒரே கணினியில் இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதனால்தான் அத்தகைய துறைகள் சோதனைக்கு அப்பால் வடிவமைப்புச் சான்றுகளையும் கேட்கின்றன. பயன்பாட்டை ஒத்த தேர்வு என்ற சொற்றொடரில் மறுபடியும் ஒரு நுழைவு நிபந்தனை இருக்கிறது: பயன்பாட்டு முறை என்ன என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நிறுத்திவைப்பு நிபந்தனை நுழைவு, நிறைவு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சோதனை தொடங்கியபின் நுழைவு நிபந்தனை ஒன்று மீண்டும் உடையலாம்: சூழல் சரியலாம், பில்டு ஒன்றில் உள்நுழைவே நின்றுபோகலாம். நேர்வுகளில் பாதிக்கு மேல் ஓட வழியில்லாமல் காத்திருக்கும்போது மீதியை ஓட்டி விழுக்காடு காட்டுவதைவிட, நிறுத்திவைத்து நுழைவுச் சரிபார்ப்பை முதலிலிருந்து நடத்துவது மலிவு. மாட்டிக்கொண்ட நேர்வுகளைத் தேர்ச்சிக் கணக்கின் வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கும் பழக்கத்தைத் திட்டமே வெளிப்படையாகத் தடுக்க வேண்டும்.

சோதனையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது பிரிப்பு இன்னும் ஆழமாகிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சோதனை செய்துதரும் ஒப்பந்தங்களில் இந்நிபந்தனைகள் சட்ட வாசகங்களாகிவிடுகின்றன. நுழைவு நிபந்தனை சேவை தருபவருக்குக் கேடயம்: பில்டு தாமதம், எனவே எங்கள் தாமதம் எங்கள் பொறுப்பன்று. நிறைவு நிபந்தனை வாடிக்கையாளருக்குப் பிடி: இது முடியாமல் பணம் இல்லை. ஒவ்வொரு தரப்பும் தன் பாதியை மட்டும் பேரம் பேசுவதால் இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுத யாருக்கும் தேவை எழுவதில்லை. கட்டணத்தை நிறைவு விழுக்காட்டோடு கட்டாமல், நிறைவு அறிக்கையின் முழுமையோடு கட்டுவது இதற்கு ஒரு வழி. சோதிக்கப்படாதவற்றை மறைக்காமல் எழுதியவருக்கும் முழுப் பணம் கிடைக்க வேண்டும்.

வாரந்தோறும், சில இடங்களில் நாள்தோறும், வெளியிடும் குழுக்களுக்கு இவ்வளவு ஏற்பாடு ஒத்துவராது என்ற மறுப்பு எழலாம். அஜைல் முறையில் ‘டெஃபனிஷன் ஆஃப் டன்’ என்ற பெயரில் நிறைவு நிபந்தனை இருக்கிறது. சரிபார்ப்பின் பெரும்பகுதி தானியங்கியாக நடக்கிறது. பில்டு எண், ஸ்மோக் டெஸ்ட், முந்தைய கட்டத்தின் முடிவு ஆகியவற்றைப் பொறுத்தவரை மறுப்பு சரி. அவற்றை இயந்திரம் மனிதரைவிட நன்றாகக் காவல் காக்கும். சூழலின் ஒப்புமையும் தரவின் உண்மைத்தன்மையும் அந்தக் காவலுக்குள் அடங்குவதில்லை. ஏரியனிலும் டிஎஸ்பியிலும் விடுபட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இவற்றை ஆராய முடியாதென்றால் காலாண்டுக்கு ஒரு முறையும், உள்கட்டமைப்பு மாறும்போதெல்லாமும் ஆராயலாம். இடைப்பட்ட வெளியீடுகளின் நிறைவுக் கூற்றில் கடைசியாக ஆராய்ந்த தேதியைக் குறிப்பிட்டால் போதும்.

வெளியீட்டுக்குப் பின் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பெரிய வழுவையும் பட்டியலோடு ஒப்பிடுவது கடைசிப் பணி. அதைத் தடுத்திருக்கக்கூடிய நிபந்தனையே இல்லையா, இருந்தும் விலக்கு பெற்றதா, நிறைவேறியும் வழு நுழைந்ததா என்ற மூன்றில் ஒன்றாக அது அமையும். முதல் வகைக்குப் புதிய நிபந்தனை வேண்டும். இரண்டாம் வகையில் விலக்கை ஒப்பியவரிடம் விளக்கம் பெற வேண்டும். மூன்றாம் வகையில் சிக்கும் நிபந்தனையைத் திருத்தி எழுத வேண்டும், அல்லது அடுத்த திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும்.