முதுகு வெட்டப்பட்ட சட்டப் புத்தகங்கள்

பக்கத்தின் ஓரத்தை மடித்தாலே முறைக்கிற ஆட்கள் நூலகர்கள். அவர்களே சுமார் நாற்பதாயிரம் புத்தகங்களின் முதுகை வெட்டினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? நடந்தது அமெரிக்காவில், ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகத்தில். காரணம் புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில் சட்டசபை இயற்றுவது மட்டும் சட்டமல்ல, நீதிபதிகள் எழுதும் தீர்ப்புகளும் சட்டம்தான். ஒரு கொலை வழக்கில் போலீஸ் வாங்கிய வாக்குமூலம் செல்லுமா என்று தெரிய பழைய தீர்ப்புகளைத்தான் புரட்ட வேண்டும். சரி, அந்தத் தீர்ப்புகள் யாருக்குச் சொந்தம்? உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து விற்ற வீட்டனும், அவருக்குப் பின் அந்த வேலைக்கு வந்து மலிவாகச் சுருக்கி அச்சிட்ட பீட்டர்ஸும் இதற்காகவே மோதினார்கள். தீர்ப்புகளின் மீது யாருக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 1834-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் யாருக்கும் சொந்தமில்லை என்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு! 1870-களில் மினசோட்டா மாநிலத்தில் ஜான் வெஸ்ட் என்பவர் தீர்ப்புகளை வாரியெடுத்து அச்சிட ஆரம்பித்தார். நாளடைவில் வக்கீல்கள் அவருடைய தொகுதி எண், பக்க எண்ணைச் சொல்லியே வாதாடும் நிலை வந்தது. 1973-ல் லெக்சிஸ், 1975-ல் வெஸ்ட்லா என்று கணினிச் சேவைகள் வந்தன. சந்தா கட்டினால்தான் தேடலாம். கூத்து என்னவென்றால், வெஸ்டின் பக்க எண்களைப் போட்டியாளர் பயன்படுத்தலாமா என்பதே வழக்கானது. கூடாது என்று 1986-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பயன்படுத்தலாம் என்று 1998-ல் இன்னொன்று சொன்னது. சரக்கு பொதுச்சொத்து, ஆனால் அதில் குத்திய நம்பருக்கு உரிமைச் சண்டை. வணிகவியல் வகுப்பில் ஏகபோகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

இந்த நிலையில்தான் 2013-ல் ஹார்வர்ட் நூலகம் தன் அலமாரிகளையே கையில் எடுத்தது. முதுகை வெட்டித் தாள்களைப் பிரித்து, அதிவேக ஸ்கேனரில் விட்டார்கள். அரிய தொகுதிகள் மட்டும் தப்பின. சுமார் 4 கோடி பக்கங்கள், 67 லட்சம் வழக்குகள். பதிப்பகங்கள் எழுதிய தலைப்புக் குறிப்புகளில் பதிப்புரிமை தீராதவற்றை மட்டும் மறைத்துவிட்டார்கள்.

செலவு? ரேவல் லா என்ற சிறு நிறுவனம் பணம் தந்தது. பதிலுக்குச் சில ஆண்டுகள் வணிக உரிமை அதற்கு. 2017-ல் அந்த நிறுவனத்தை லெக்சிஸ் வாங்கிவிட்டது! 2018-ல் தளம் திறந்தபோதும், சாதாரண ஆள் ஒரு நாளைக்கு 500 வழக்குகளை மட்டுமே முழுதாக எடுக்க முடிந்தது. ஆய்வாளர்கள் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக வாங்கலாம். தங்கள் தீர்ப்புகளை ஏற்கெனவே இணையத்தில் இலவசமாக வெளியிட்ட இல்லினாய்ஸ், அர்கான்சா மாநிலங்களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு இல்லை. எல்லாவற்றுக்கும் அது நீங்கியது 2024 மார்ச்சில்தான்.

ஒரு குற்றத்தை நீதிமன்றங்கள் எந்தக் காலத்தில் எந்தச் சொல்லால் அழைத்தன என்று குற்றவியல் படிப்பவர்கள் இன்று லட்சக்கணக்கான தீர்ப்புகளில் எண்ணிப் பார்க்கலாம். புத்தகத்தைப் புரட்டி ஆயுள் முழுக்கத் தேடினாலும் முடியாத வேலை அது. ஆனால் இது அச்சுத் தொகுதிகளிலிருந்து எடுத்த சேகரிப்பு. நேற்றைய தீர்ப்பு இதில் தானாக வந்து சேராது.

வெட்டிய தாள்களை எறியவில்லை. காற்றுப் புகாமல் உறையிட்டு, கென்டக்கியில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.