பசும்பொன்னும் செம்பொன்னும்: கடிகாரக் கூட்டின் நிறவரலாறு

தமிழ்ப் புலவர் பொன்னுக்கு வழங்கிய அடைமொழிகளுள் பசுமை, செம்மை என்னும் இரண்டும் தலைமையானவை. ஒரே உலோகத்தைப் பசும்பொன் என்றும் செம்பொன் என்றும் கூறுதல் எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவுவர். பசுமை என்னும் சொல் பழந்தமிழில் இளமஞ்சளையும் தழுவி நிற்பது. அன்றியும், சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரைப் பொன் வணிகர் தெருவைக் கூறுமிடத்து, இளங்கோவடிகள் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னின் நால்வகையைப் பெயர் சுட்டி உரைக்கின்றார். இவற்றுள் கிளிச்சிறை என்பது கிளியின் சிறகுபோலும் நிறமுடையது என்பது பெயராலேயே விளங்கும். பொன்னின் நிறம் ஒன்றன்று என்னும் செய்தி நம் முன்னோர்க்குப் புதிதன்று. அஃது இக்காலத்தார்க்கு மறந்துபோயிற்று என்பதற்குக் கைக்கடிகாரத்தின் பொற்கூடு ஒன்றே போதிய சான்றாம்.

நம் திருநெல்வேலிச் சீமையினின்றும் கொழும்பு, இரங்கூன், பினாங்கு முதலிய இடங்களுக்குத் தொழிலின் பொருட்டுச் சென்று மீண்டோர் பலர். கூடங்குளம், இராதாபுரம் பக்கத்துக் குடும்பங்களிலும் பாட்டனார் காலத்துப் பொற்கடிகாரம் பெட்டிக்குள் உறங்குவதுண்டு. இடர் வந்துழி அதனை விற்கப் புகுவோர், "நிறம் சிவந்திருக்கிறது, செம்பு மிகுதி, மாற்றுக் குறைவு" என்னும் சொல்லைக் கேட்டு மனந்தளர்ந்து, கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். அண்மையில் வாங்கிய கடிகாரமாயின், வெளிறியிருத்தல் பற்றி "வெள்ளி கலந்தது" எனப் பழிக்கப்படுகின்றது. நிறங்கண்டு மாற்றுரைக்கும் இவ்வழக்கு எவ்வளவு பிழையுடையது என்பதைச் சிறிது விரித்துக் காட்டுவாம்.

தூய பொன் நீல ஒளியை விழுங்கி ஏனைய ஒளியைத் திருப்பும். அதனாற்றான் மஞ்சளாய்த் தோன்றுகின்றது. ஆனால் தூய பொன் மெல்லியது. அணியாகவோ கடிகாரக் கூடாகவோ நெடுநாள் உழைக்க மாட்டாது. ஆதலின் வெள்ளியும் செம்பும் துணையாகச் சேர்க்கப்படுகின்றன. வெள்ளி மிகின் பொன் வெளிறிப் பசுமை காட்டும். செம்பு மிகின் சிவக்கும். இதில் நினைவில் நிறுத்தவேண்டியது, பொன்னின் அளவு மாறாமலே நிறம் மாறும் என்பது. ஆயிரம் பங்கில் 750 பங்கு பொன்னுடையது 18 காரட். கடிகாரத் தொழிலில் வழங்கும் பன்னாட்டு அளவுத்திட்டத்தின்படி, எஞ்சிய 250 பங்கில் வெள்ளி 160, செம்பு 90 ஆயின் இளமஞ்சள். இரண்டும் 125 ஆயின் மஞ்சள். வெள்ளி 90, செம்பு 160 ஆயின் இளஞ்சிவப்பு. வெள்ளி 45, செம்பு 205 ஆயின் சிவப்பு. நான்கிலும் பொன் ஒரே அளவே. உருக்கினால் ஒரே விலை பெறுவன. நிறம் பொன்னின் துணைவனை அறிவிக்குமேயன்றிப் பொன்னின் அளவை அறிவியாது.

இத்துணைவர் ஆட்சி காலந்தோறும் மாறிவந்த வரலாறு சுவையுடையது. நம் நாட்டார்க்கு நன்கு பழகிய ஆங்கிலச் சவரனையே முதலிற் காண்க. 1817 முதல் அச்சிடப்பட்ட இக்காசு 22 காரட். எடை 8 கிராமிற்கு மயிரிழை குறைவு. இலண்டன் சவரனில் துணை செம்பு. ஆகவே சிறிது செம்மை காட்டும். 1855-இல் ஆத்திரேலியாவின் சிட்னி நகரத்து அக்கசாலையில் அடித்த தொடக்ககாலச் சவரன்களில் வெள்ளியைத் துணையாக்கினர். அவை வெளிறி நின்றன. மாற்று இரண்டிற்கும் ஒன்றே. 8 கிராமைச் சவரன் என இன்றும் நாம் சொல்வது அக்காசு விட்டுச்சென்ற வழக்கு. அக்காசுகளை உருக்கி அணி செய்த நம் பத்தர்கள் அந்நிற வேறுபாட்டை உலைக்களத்திலேயே கண்டிருப்பர்.

கடிகாரத்திற்கு வருவாம். 22 காரட் கூட்டுக்கு ஆகாத அளவு மெல்லியதாதலின், ஐரோப்பாவில் 18 காரட்டே உயர்ந்த கடிகாரங்கட்கு வழக்காயிற்று. இங்கிலாந்தில் 1798-இல் அதற்குச் சட்டத்தின் ஒப்புதல் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் 1880-இல் இயற்றிய சட்டத்தின்படி 18 காரட் கூட்டில் எல்வெசியா என்னும் நங்கையின் தலையும், 14 காரட் கூட்டில் அணில் உருவமும் முத்திரையாகப் பொறிக்கப்பட்டன. 1995 முதல் இவற்றிற்கு ஈடாக நாயின் தலை வந்தது. பெட்டியிற் கிடக்கும் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்ப்பார்க்கு இம்முத்திரைகளே முதற்சான்று. உருசிய நாட்டாரோ 583 என்னும் முத்திரையோடு செம்பு மிகுந்த பொன்னை விரும்பினர். அந்நாட்டுக் கடிகாரங்கள் செம்பருத்திபோற் சிவந்திருக்கும்.

1920-களில் வெள்ளைப் பொன் மோகம் மேனாடுகளிற் பரவிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்காவில் பிளாட்டினத்தை அணிகட்குப் பயன்படுத்துதல் தடுக்கப்பட, அவ்விடத்தைச் சிவந்த பொன்னும் நிரப்பிற்று. பின்னர் மஞ்சட்பொன் ஓங்கியது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் இளஞ்சிவப்பு தலைதூக்கிற்று. இச்சிவப்பிற்கு ஒரு குறையுண்டு. உப்பும் வியர்வையும் படப்பட மேற்புறச் செம்பு கெட்டு நிறம் மங்கும். கூடங்குளம்போலும் கடலோரத்தில் வாழ்வார்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ரோலக்சு நிறுவனத்தார் 2005-இல் பிளாட்டினமும் சிறிது கூட்டித் தம் இளஞ்சிவப்புப் பொன்னை அமைத்தது இந்நிறம் மங்காமைப் பொருட்டே. 2019-இல் ஒமேகா நிறுவனத்தார் பல்லேடியம் சேர்த்து வழக்கமான மஞ்சளினும் வெளிறிய பொன் ஒன்றை நிலவொளியின் பெயரால் வெளியிட்டனர். 2024-இல் ஓதமா பிகே நிறுவனத்தார் மணல் நிறப் பொன் என ஒன்றைக் கொணர்ந்தனர். இவை யாவும் 18 காரட்டே. எனவே இன்றைய கடிகாரத்தை நேற்றைய கடிகாரத்தோடு நிறத்தால் ஒப்பிட்டு, ஒன்றை உயர்வென்றும் மற்றொன்றைத் தாழ்வென்றும் கூறுவார் கூற்று அடிப்படையற்றது.

நிறத்தை நம்பும் பழக்கம் நம் மக்களிடம் எத்துணை ஆழமானது என்பதற்கு 1963-ஆம் ஆண்டு சான்று. சீனப் போரை அடுத்து அவ்வாண்டு சனவரியில் மொரார்ஜி தேசாய் கொணர்ந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டிற்கு மேற்பட்ட அணிகளைச் செய்தலாகாது எனத் தடுத்தன. பொன் நூற்றுக்கு 58 பங்களவிலும், ஏனைய உலோகம் 41 பங்குக்கு மேலும் உடைய அவ்வணியைத் தாலிக்கு ஏற்பார் யார்? பெண்கள் அதனைத் திரும்பியும் பாரார். நம் மரபினர் இந்தியாவெங்கும் பட்டறையை மூடினர். பலர் கூலிவேலைக்கும் பிற தொழிலுக்கும் போயினர். தம் பிள்ளைகளை உலைமுன் அமர்த்தாது பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் அனுப்பினர். 1966-இல் அந்த 14 காரட் வரம்பு நீக்கப்பட்டது. 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் எழுந்து 1990-இல் ஒழிந்தது. கைவிட்ட தொழிலுக்கு மீண்டவர் சிலரே. அரசினர் மாற்றை மட்டுமே கருதினர். நிறத்தில் மக்கள் வைத்த மதிப்பைக் கருதினாரில்லை.

இதற்கு ஒத்த நிகழ்ச்சியொன்று நம் மாநிலத்திலேயே பின்னரும் நிகழ்ந்தது. தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூடி 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகாரம் செய்தது; நெபுலா என்னும் பெயரால் 18 காரட் பொற்கடிகாரமும் வெளியிட்டது. அந்நிறுவனமே 1990-களில் தனிஷ்க் என்னும் பெயரால் அணிகலன் விற்கப் புகுந்து, தொடக்கத்தில் 18 காரட்டை முன்வைத்தபோது மக்கள் ஏற்கவில்லை. பின்னர் 22 காரட்டிற்கு மாறியே நிலைபெற்றது. கையிற் கட்டும் கடிகாரத்தில் 18 காரட்டை ஒப்புக்கொண்ட நாட்டில், அதுவே கழுத்தில் ஏற மறுக்கப்பட்டது. யாம் இதனை அறியாமை என்னேம். கழுத்திலுள்ளது சேமிப்பு, அவசரத்தில் அடகு வைக்கும் பொருள். அதற்கு வேண்டுவது மாற்று.

மாற்றைக் கண்ணால் அன்றிக் கல்லால் அறிதல் நம் தொழிலின் பழைய நெறி. கட்டளைக்கல்லைத் திருவள்ளுவரே ஒரு குறளில் உவமையாக எடுத்தாளுகின்றார். மாற்று அறிந்த பொன்னாற் செய்த ஊசிக்கு ஆணி என்று பெயர். ஆணிப்பொன் என்னும் வழக்கு அதனின்றும் வந்தது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொற்கலங்களைக் கூறும் கல்வெட்டுக்கள், ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்தமையையும், தண்டவாணி என்னும் அளவையோடு ஒப்பிட்டு மாற்றுக் கண்டமையையும் குறிக்கின்றன. அரசன் கொடுத்த பொன்னாயினும் உரைத்துப் பார்த்தே ஏட்டில் ஏற்றினர் என்பது கவனிக்கத்தக்கது. செருமானியர் அக்ரிகோலா 1556-இல் வெளிவந்த தம் நூலில், வெள்ளி கலந்த பொன்னுக்கு ஒரு வரிசை, செம்பு கலந்ததற்கு வேறு வரிசை, இரண்டும் கலந்தவற்றிற்குத் தனி வரிசை என ஊசிகளைப் பிரித்துரைக்கின்றார். சிவந்த பொன்னைச் சிவந்த ஊசியோடும் வெளிறிய பொன்னை வெளிறிய ஊசியோடும் ஒப்பிட்டால்தான் உரை பொய்க்காது. நிறத்தின் வஞ்சகத்தை வெல்ல நிறத்தையே கருவியாக்கிய அறிவு இது.

இப்பொழுதைய சட்டநிலையையும் அன்பர்கள் அறிதல் நலம். இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2000-இல் பொன்னணிகட்குத் தர முத்திரையைத் தொடங்கியது. 2021 சூன் 16 முதல் அது பல மாவட்டங்களிற் கட்டாயமாயிற்று. அணிகளில் 916 என்னும் எண் 22 காரட்டைக் காட்டும். அக்கட்டாயத்தினின்றும் கைக்கடிகாரமும் பொற்பேனாவும் விலக்குப் பெற்றன. ஆகவே பாட்டனார் கடிகாரத்திற்கு இந்நாட்டு முத்திரையைத் தேடிப் பயனில்லை. பழைய அயல்நாட்டு முத்திரையும், உரைகல்லும், எக்சு கதிர்ச் சோதனையுமே துணை. 30 கிராம் எடையுள்ள கூடு 18 காரட்டாயின் தூய பொன் 22.5 கிராம், 14 காரட்டென மதித்தால் 17.5 கிராம். நிறத்தைக் காட்டி ஒருவன் சொல்லும் ஒரு சொல்லில் ஏறக்குறைய 5 கிராம் பசும்பொன் கைமாறிவிடும். பொறியை வெளியே எடுத்துக் கூட்டைத் தனியே நிறுக்கச் செய்க. வெளிப்புறத்தை உரைக்கவொட்டாது, பின்மூடியின் உட்புற விளிம்பில் உரைக்கச் செய்க. முலாம் பூசியதாயின் அங்கே வெளிப்படும். அதன்பின் விலை பேசுக.