லிங்கன் படம் போட்ட பாஸ்புக்

பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து “பேராசைப்பட்டார்கள், ஏமாந்தார்கள்” என்று சொல்வது இங்கே வழக்கம். ஏமாந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள் என்றால் ஏளனம் இன்னும் கூடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சேமிப்பு வங்கி ஒன்றின் வரலாறு இந்தப் பேச்சைப் பொய்யாக்குகிறது. ஜோதிராவ் புலே 1873இல் தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அப்படி விடுதலை பெற்றவர்களின் காசுக்கு அடுத்த ஆண்டே என்ன நேர்ந்தது என்பதையும் நாம் அறிய வேண்டும்.

1865 மார்ச் 3 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி. தங்கள் உடம்புகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல் இருந்தவர்கள் அதில் கணக்குத் தொடங்கினார்கள். 5 சென்ட் இருந்தால் போதும். போர்வீரர்களின் சம்பளமும், வயல் கூலியும், துணி வெளுத்த காசும் வந்து சேர்ந்தன. நிலம் வாங்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் சேர்த்த பணம் அது. இதில் பேராசை எங்கே இருக்கிறது?

பாஸ்புக்கில் லிங்கன் படம் இருந்தது. வாஷிங்டனில் அரசுக் கருவூலத்துக்கு எதிரிலேயே வங்கிக்கு மாளிகை எழுந்தது. இது அரசாங்க வங்கி என்று மக்கள் நம்பினார்கள். நம்பும்படி சொல்லவும் பட்டார்கள். ஆனால் அரசு ஒரு சென்ட்டுக்கும் உத்தரவாதம் தரவில்லை.

தொடக்கத்தில் ஒரு காப்பு இருந்தது. வைப்புத்தொகையின் பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களில்தான் போட வேண்டும் என்றது சட்டம். 1870இல் அதைத் திருத்தி, பாதித் தொகை வரை நிலத்தின் மேல் கடன் கொடுக்கலாம் என்றாக்கினார்கள். வங்கியின் நிதிக்குழுத் தலைவர் ஹென்றி குக், பெரும் பண முதலாளி ஜே குக்கின் தம்பி. தான் பங்கு வைத்திருந்த கல்குவாரி நிறுவனத்துக்கே வங்கிப் பணத்தைக் கடனாகத் திருப்பினார். ஏழைகளின் காசு, சரியான ஈடுகூட இல்லாமல் வேண்டியவர்களுக்குப் போனது.

1873 செப்டம்பரில் ஜே குக்கின் நிறுவனம் திவாலாகி நாடெங்கும் நெருக்கடி பரவியது. 1874 மார்ச்சில், கறுப்பின மக்களின் மாபெரும் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் வங்கித் தலைவராக்கப்பட்டார். உள்ளே இருந்த ஓட்டை தெரியாமல் தன் சொந்தப் பணம் 10,000 டாலரையும் அவர் கொடுத்தார். கொள்ளை போன பெட்டிக்கு நம்மவர் ஒருவரைக் காவல் வைத்தது போலத்தான் அது. ஜூன் 29 அன்று வங்கி மூடப்பட்டது. 61,144 பேருக்குச் சேர வேண்டிய ஏறக்குறைய 30 லட்சம் டாலர் முடங்கியது. பல ஆண்டுகள் தவணை தவணையாக, டாலருக்கு 62 சென்ட் கணக்கில் திரும்பியது. பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஹென்றி குக் சிறைக்குப் போகவில்லை. பழியைச் சுமந்தவர் டக்ளஸ்.

இன்று நம் தெருக்களுக்கு வரும் நிதி நிறுவனங்களும் இதே உத்தியோடுதான் வருகின்றன. தலைவரின் படம், அதிகாரி வந்து வெட்டிய ரிப்பன், நம் சொந்தக்காரப் பையனே ஏஜென்ட். நாம் கேட்க வேண்டியவை வேறு. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா? அதன் ‘சச்சேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். சீட்டு என்றால் 1982 சட்டப்படி பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதா? வங்கி டெபாசிட்டுக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது. நம் பணத்தை யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் வராத இடத்தில் ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

போட்டு ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், பொருளாதாரக் குற்றப்பிரிவில் எல்லோரும் சேர்ந்து புகார் கொடுங்கள். தலைகுனிய வேண்டியவர்கள் நாம் அல்ல.